உரக்கச் சிரித்தவர்

ஏரிக்கரைப் புல்வெளியில் இதமான வெயில். அலுவலகக் குடும்பங்கள் விரிப்புகளில் உட்கார்ந்திருக்க, கணக்காளரின் மனைவி தான் செய்த கேக்கை எவர்சில்வர் தட்டில் ஏந்தி மேலாளர் முன் நிற்கிறாள். குக்கர் சத்தத்துக்கு நடுவே ஒரு வாரமாய் மனப்பாடம் செய்த இந்த ஊர் மொழி வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்கிறாள். ‘நானே செய்தது, சாப்பிடுங்கள்’ என்பது ஓரெழுத்து பிசகி, ‘இது நானேதான், சாப்பிடுங்கள்’ என்று வந்து விழுகிறது. மேலாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். கணக்காளர் அவரைவிட உரக்கச் சிரிக்கிறார். காரணம் தெரியாமலே அவளும் சிரித்துவிட்டுக் கணவர் பக்கம் குனிகிறாள்.

“என்னங்க சொல்றாங்க?”

“நீ நல்லாப் பேசறியாம்.”

“நிஜமாவா? ஒரு வாரமா சொல்லிச் சொல்லிப் பார்த்தேங்க!”

முகமெல்லாம் பூரிப்பாக அவள் அடுத்த விரிப்புக்குப் போகிறாள். அதே வாக்கியம், இப்போது இன்னும் கணீரென்று. அங்கும் சிரிப்பு வெடிக்கிறது. இந்த ஊர்ப் பள்ளியில் படிக்கும் மகள் மட்டும் சிரிக்கவில்லை.

“ஏம்ப்பா அம்மாகிட்ட அப்படிச் சொன்னீங்க?”

கணக்காளரின் வாயில் கேக் மண்ணாய் ஒட்டுகிறது. பதிலுக்குக் காத்திராமல் மகள் ஓடிப்போய்த் தட்டின் மறுவிளிம்பைப் பிடித்துக்கொள்கிறாள். அடுத்த குடும்பத்தின் முன் நின்று, அம்மா சொன்ன அதே தப்போடு, அதே வாக்கியத்தைத் தானும் சேர்ந்து சொல்கிறாள். சிரிப்பு மெல்ல அடங்குகிறது. மேலாளர்கூட நிமிர்ந்து பார்க்கிறார். கணக்காளரால் மட்டும் நிமிர முடியவில்லை.