நாலாவது தெரு

'வீடு வாடகைக்கு' என்று போர்டு தொங்கியது. முதல் தெருவில், அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீட்டு கேட்டில்.

சாமான்களோடு, புது வீட்டுச் சாவி வாங்க வந்து நின்ற லாரியின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்த தம்பி மனைவியின் கண்ணில்தான் அது முதலில் பட்டது.

"என்னங்க, அங்க பாருங்க."

தம்பி பார்த்தார். கண்ணாடிக் கடையில் பத்து வருடமாக ஊராருக்கு லென்ஸ் மாட்டிவிட்டவர். இருந்தும் அவருக்குப் போர்டு சரியாகத் தெரியவில்லை. இறங்கிப் போய்ப் படித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"வாடகைக்குன்னு போட்டிருக்கு."

"அது எனக்கும் தெரியுது. பக்கத்து வீடு காலியா இருக்கும்போது நமக்கு எதுக்கு நாலாவது தெருவுல வீடு பார்த்தாங்களாம்?"

தம்பி மறுபடி போர்டைப் பார்த்தார். பழைய ஊரில் சம்பளத்தில் பாதி வாடகைக்கே போய்க்கொண்டிருந்தது. "இங்க வந்துடுடா. வாடகை கம்மி. நாங்களும் பக்கத்துல இருக்கோம்" என்று அண்ணன் போனில் கூப்பிட்டதை நம்பி, வேலையை விட்டுவிட்டு, இரண்டு மாநிலம் தாண்டி வந்திருக்கிறார்.

அண்ணனும் அண்ணியும் வாசலுக்கு வந்தார்கள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"வாடா, வாம்மா. வழியில ஒண்ணும் கஷ்டம் இல்லையே?"

"வழியில இல்ல மாமா. வந்த இடத்துலதான்" என்றாள் தம்பி மனைவி.

அண்ணன் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. லாரியின் பின்கதவுக் கொக்கி லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அவர் கண் அதிலேயே இருந்தது. ஓரடி முன்னால் வைத்தார்.

அண்ணி செருமினார். அண்ணன் பின்னால் போய்விட்டார்.

"பார்த்தீங்களா? அவரை லாரி பக்கம்கூட வர விட மாட்டேங்கறாங்க உங்க அண்ணி" என்று தம்பி காதைக் கடித்தாள் மனைவி. அதோடு விடவில்லை. விறுவிறுவென்று லாரியின் பின்பக்கம் ஏறி, பீரோவுக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவிலிருந்த சோபாவில் உட்கார்ந்துகொண்டாள்.

"பதில் தெரியாம இறங்க மாட்டேன்."

டிரைவர் தலையைச் சொறிந்தார். "அம்மா, எனக்கு அடுத்த லோடு இருக்கு."

"அப்ப இதை அப்படியே திருப்பிக் கொண்டுபோங்க. என்னையும் சேர்த்துத்தான்."

"ஆளுங்களை ஏத்துறதில்லைங்க."

"சோபான்னு நினைச்சுக்கோங்க!"

எதிர் வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தம்பிக்கு மானம் போனது. அதைவிட, மனசு வலித்தது. அண்ணன் பக்கத்தில் இருப்பதற்காகத்தானே எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார்?

"அண்ணே, உண்மையைச் சொல்லு. இந்த வீடு எவ்வளவு நாளா காலியா இருக்கு?"

"மூணு மாசமா" என்றார் அண்ணன்.

"வாடகை ஜாஸ்தியா?"

"இல்லடா. நாலாவது தெரு வீட்டுக்கு என்னவோ அதேதான்."

"ஓனர் மோசமா?"

"தங்கமான மனுஷன்."

"அப்ப நான்தான் மோசம். பக்கத்துல இருந்தா தொல்லைன்னு நினைச்சுட்ட. அப்படித்தானே?" என்றார் தம்பி.

"ஐயோ, அவர் அப்படி நினைப்பாரா!" என்று அண்ணி பதறினார். "ஏங்க, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்" என்று அண்ணன் லாரிக்குப் பக்கத்தில் வந்தார். சோபாவைப் பார்த்துப் பேசினார்.

"ரிட்டயர் ஆனதுல இருந்து என் கை சும்மா இருக்க மாட்டேங்குதும்மா. இந்தப் பக்கத்து வீட்டுல முதல்ல ஒரு வாத்தியார் இருந்தார். காலிங் பெல் சரியில்லைன்னார். சரி பண்ணிக் கொடுத்தேன். அப்புறம் யார் பெல் அடிச்சாலும் தண்ணி மோட்டார் ஓடிச்சு. வாத்தியாருக்குச் சொந்தக்காரங்க அதிகம். வீடு பூரா வெள்ளம். ஒரு மாசத்துல போயிட்டார்."

"அது பரவாயில்ல" என்றார் அண்ணி. "நர்ஸம்மா கதையைச் சொல்லுங்க."

"அவங்க எதுவும் கேட்கவே இல்ல. நானாத்தான் அவங்க கேட்டை லிஃப்ட் கதவு மாதிரி தானா மூடுற மாதிரி செஞ்சு கொடுத்தேன். நல்லாத்தான் மூடிச்சு. திறக்கத்தான் இல்ல. அன்னிக்கு அவங்க சுவரேறிக் குதிச்சுத்தான் டூட்டிக்குப் போனாங்க."

டிரைவர் சிரிப்பை அடக்க முடியாமல் டயரைக் குனிந்து பார்த்தார்.

"மூணாவதா ஒரு பேங்க்காரர். அவர் வீட்டு ஃபிரிட்ஜ்ல சத்தம் வருதுன்னு..."

"அதைச் சொல்லாதீங்க" என்றார் அண்ணி. "அவங்க இன்னும் நம்மளோட பேசறதில்ல."

சோபாவில் இருந்தவளுக்குக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அதுக்காக மாமா, நாங்க சொன்னா நீங்க கேட்க மாட்டீங்களா? வேண்டாம்னு சொன்னா விட்டுட மாட்டீங்களா?"

"மாட்டேன்மா. இவ சொல்லியே கேட்கல." அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "அந்த மூணு பேரும் போனா வேற யாராவது குடிவருவாங்க. எனக்கு இருக்கிறது ஒரே தம்பி. அவனும் பெட்டியைக் கட்டிட்டுப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

தம்பி மூக்கை உறிஞ்சினார். "அதுக்கு ஏன் அண்ணே குறிப்பா நாலாவது தெரு?"

"ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிட்டு ஒவ்வொரு தெருவா நடந்து பார்த்தேன்டா. மூணாவது தெருவுல முட்டி வலி தாங்காம திரும்பி வந்துட்டேன். அன்னிக்கே நாலாவது தெருவுல வீடு பார்க்கச் சொல்லி புரோக்கருக்குப் போன் போட்டேன்."