கடைசி வீட்டிலிருந்து முப்பத்தெட்டு நிமிடம்

2019 மார்ச் 11 அன்று, நாகப்பட்டினம் மாவட்டத்தின் கடலோரக் குப்பம் ஒன்றில் புயல் பாதுகாப்புக் கட்டடத்துக்கு இடம் பார்த்தார்கள். புயல் கரையேறினால் அரைமணியில் பாதை நீரில் மூழ்கும். கடைசி வீட்டிலிருந்து, கட்டடத்துக்குக் குறித்திருந்த மேட்டுக்கு ஒன்பது நிமிடம் என்றது வரைபடம். பொறியாளர் தில்லைநாயகிக்கு வரைபடக் கணக்கு மட்டும் போதவில்லை. கடைசி வீட்டுக்காரர்களையே நடக்கச் சொல்லிக் கூடவே நடந்தார்.

வாதத்தில் ஒரு கால் விளங்காத வீரமணி, மனைவி அமிர்தவல்லியின் தோளைப் பிடித்தபடி நடந்தார். பாதி வழியில் கவிழ்த்துப் போட்ட படகில் உட்கார்ந்தார்.

"நீ முன்னால போடி. புயலு எனக்காவ நிக்குமா?"

"நாப்பது வருசமா என்னைக் கரையில வுட்டுட்டுக் கடலுக்குப் போனீங்கல்ல? இன்னிக்குக் கூடத்தான் வருவேன்." முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். "எழுந்திரிங்க, அந்தம்மா கடியாரம் பாக்குது."

மேட்டை அடைய முப்பத்தெட்டு நிமிடமானது. தில்லைநாயகி படிவத்தில் ஒன்பதை அடித்துவிட்டு முப்பத்தெட்டு என்று எழுதினார்.

கட்டடம் மேட்டில் எழவில்லை. படகு கிடந்த இடத்தருகே, உயரமான தூண்களின் மேல், படிக்குப் பதில் சரிவுப்பாதையோடு எழுந்தது. அடுத்த ஆண்டு நவம்பர் புயலில் கதவைச் சாத்தியபோது கணவன் மனைவி இருவரும் உள்ளே இருந்தார்கள்.