மேல் கோடு

"மறுபடியும் ஒழுகியிருக்குடா" என்றான் புன்லெர்ட், விரல்களைத் துணியில் துடைத்தபடி. தம்பி சக்தா கண்ணைக் கசக்கிக்கொண்டு தன் வீட்டிலிருந்து வெளியே வந்தபோது தூறல் ஆரம்பித்திருந்தது. அவனுடைய பிக்கப் வண்டிக்கு அடியில் விரித்திருந்த அட்டையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு எண்ணெய்.

சக்தாவுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம். அதற்குள் இது ஐந்தாவது ஒழுகல். வாரண்டி முடிய இன்னும் ஒன்பது நாள்தான். அதற்குள் கோளாறு பிடிபடாவிட்டால் இஞ்சினைப் பிரிக்கும் செலவு அவன் தலையில் விழும். வெளி மெக்கானிக் கை வைத்தாலோ, அந்த நிமிடமே வாரண்டி போய்விடும்.

மலையிலிருந்து முட்டைக்கோசு லோடு இறக்கும் முறை அன்று அவனுடையது. அதைச் சொன்னான்.

"வண்டியே ஒழுகுது, இதுல முறை வேறயா? ஓசி வைத்தியம் இருக்கும்போதே கொண்டுபோய்ப் படுக்க வை. லோடை நான் எறக்கிக்கறேன்."

சக்தாவுக்கு எரிச்சல் மூண்டது. "என் வண்டி ஒழுகினா உனக்கு நல்லாத்தாண்ணே இருக்கு. ஒவ்வொரு தடவையும் என் லோடு உனக்குத்தானே வருது."

"பின்னே? என் தொப்பை எப்படி வளரும்?" வயிற்றைத் தட்டிக் காட்டிவிட்டு, புன்லெர்ட் தன் பழைய வண்டியைக் கிளப்பிக்கொண்டு மலையேறிப் போனான்.

லோம்சக் ஊர் சர்வீஸ் நிலையத்தில் போர்மேன் வினய் வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் விளக்கடித்துத் தேடினார். எண்ணெய் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டை ஏற்கெனவே இரண்டு முறை மாற்றியாயிற்று. வண்டியை இறக்கி, ஆயில் பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து நீட்டினார்.

"மேல் கோட்டுலயே நிக்குது பாருங்க. அஞ்சு தடவையும் இப்படித்தான். ஒரு சொட்டு குறையல."

எப்படியாவது ஒன்பது நாளைக் கடத்திவிடப் பார்க்கிறார்கள் என்று சக்தாவுக்குப் பட்டது. கையோடு கொண்டுவந்த அட்டையை மேசைமேல் போட்டான். "அப்போ இது என்ன, வானத்துலேருந்து விழுந்துச்சா?"

கோளாறு தீரும்வரை வாரண்டி உண்டு என்று எழுதித் தராமல் நகரமாட்டேன் என்றான். மேனேஜர் வந்தார். வெளியே மழை வலுத்தது. இரண்டு மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு, மேனேஜர் பேனாவைத் திறந்தபோது சக்தாவின் போன் அடித்தது.

மலைச்சாலையின் மூன்றாவது வளைவில், ஈரத்தில் வழுக்கி, புன்லெர்டின் வண்டி பள்ளத்தில் விழுந்துவிட்டது. சாலையெங்கும் கோசு உருண்டு கிடக்கிறதாம். ஆள் அங்கேயே போய்விட்டான்.

கடிதத்தை வாங்காமலே சக்தா ஓடினான்.

ஐம்பதாம் நாள் சடங்குக்கு வந்த பிக்குகள் உண்டுவிட்டுக் கிளம்பியதும் மழை பிடித்துக்கொண்டது. அண்ணன் வீட்டு முற்றத்தில் நின்ற தன் வண்டிக்கு அடியில் சக்தா பழக்கதோஷத்தில் குனிந்து பார்த்தான். துளி எண்ணெய் இல்லை. இந்த ஐம்பது நாளும் இல்லை. ஒழுகல் தானாகவே நின்றுவிட்டது போலிருக்கிறது என்று அண்ணி லம்யாயிடம் சொன்னான். அவள் கழுவிய தட்டுகளை அவன் கையில் கொடுத்தாள்.

தட்டுகளை எடுத்துவைக்கக் கொட்டகைக்குள் போனான். அலமாரியில் மீன்சாறு பாட்டில் ஒன்று. உள்ளே பாதிக்குக் கறுத்த பழைய ஆயில்.

"இது எதுக்கு அண்ணி?"

பின்னாலேயே வந்த லம்யாய் அதை வாங்கி, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"மழை வர்ற மாதிரி இருந்தா, விடியறதுக்கு முன்னாடி இதை எடுத்துக்கிட்டு உன் வீட்டுக்குப் போவாரு தம்பி. 'புள்ளக்காரன், மழையில எறங்காதடான்னா கேக்கமாட்டான், வண்டி ஒழுகுதுன்னாத்தான் கேப்பான்'னு சொல்லிச் சிரிப்பாரு."

சக்தா மழையில் இறங்கிப் போய், வண்டியின் கம்பியை உருவிப் பார்த்தான்.

எண்ணெய் மேல் கோட்டிலேயே நின்றது.