கார்டில் இல்லாத கோபம்

பூங்கோதை குழாயில் பிடித்த தண்ணீரைப் பாட்டிலோடு குடிநீர் ஆபீஸ் அதிகாரியின் மேஜையில் வைத்தாள். அது டீத்தண்ணி நிறத்தில் இருந்தது, கண்ணுங்களா.

"இதைத்தான் சார் என் குழந்தை குடிக்குது. வாந்தி நிக்கல."

அவர், பிறவிக் குணத்தைப் பதிந்துவைத்திருக்கும் அவளுடைய மரபணு கார்டை மெஷினில் தேய்த்தார். "கோபம் உங்க ரத்தத்துலயே இருக்கும்மா. உங்க புகாரை மெஷின் ஏத்துக்காது. வீட்டுல சாந்தமானவங்க இருந்தா அனுப்புங்க."

மறுநாள் புருஷன் சிதம்பரநாதனை இழுத்துவந்தாள். அவன் கார்டு முழுக்கப் பொறுமைதான். கடைக்காரன் அழுகின தக்காளி கொடுத்தாலும், ரசத்துக்கு ஆகும் என்று வாங்கிவருகிற மனுஷன்.

"தண்ணி கொஞ்சம் கலங்கலா வருது சார். முடிஞ்சப்போ பாருங்க."

"அவரே அவசரமில்லைங்கிறார். அடுத்த மாசம் பார்க்கலாம்."

"ஐயோ, வாயைத் திறந்து கத்தேன்யா!" என்று பூங்கோதை அவன் தோளை உலுக்கினாள். அவள் இடுப்பிலிருந்த குழந்தை அவன் சட்டையிலேயே வாந்தியெடுத்தது.

சிதம்பரநாதன் சட்டையைப் பார்த்தான். பிறகு மேஜையில் ஓங்கி அறைந்தான். "இந்தத் தண்ணியை நீ குடிய்யா! என் கண்ணு முன்னாடி குடி!"

பூங்கோதைக்கு நிம்மதியில் கண்ணீரே வந்துவிட்டது.

அதிகாரி கார்டையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தார். "உங்க கார்டு தப்பா இருக்கு சார். பக்கத்து அறையில ரத்தம் கொடுத்துட்டு, புதுக் கார்டோட வாங்க. அதுவரைக்கும் புகார் செல்லாது."