சியாமளா வீட்டுக் கொக்கோ மரம்

"யாழ்ப்பாணத்தில எந்த வீட்டு வளவில கொக்கோ நிண்டது? நடக்கேலாத மனிசியை ஏனப்பா இப்பிடிப் பொய் சொல்லிப் பேய்க்காட்டுறாய்?"

கீர்த்தனன் தன்ர மனிசி சியாமளாவிட்டக் கேட்டதில பிழையில்லை. அவள் பிறந்த வளவில நிண்டது முருங்கையும் வேம்பும்தான். கொக்கோக் காயை அவள் முதன்முதல் கண்டதே ஜெர்மனிக்கு வந்தாப்பிறகு, பான் நகரத்தில வெப்பநாட்டு மரங்களைக் கண்ணாடிக் கூரைக்குள்ள வளக்கிற கண்ணாடித் தோட்டத்துக்குள்ள.

கீழ்வீட்டு எவ்லின்தான் போன மாரிக் குளிருக்க அங்க கூட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கேட்டா. சக்கர நாற்காலியில இருக்கிற மனிசி, தனியப் போக ஏலாது. அதுக்குக் கொஞ்சம் முதல்தான் சியாமளா லிஃப்டுக்குள்ள வைச்சு அவவிட்டத் தன்ர நீலப் பாஸ்போட்டைப் பற்றிச் சொல்லி அழுதிருந்தாள். அகதியாய் வந்தவைக்குக் குடுக்கிற பாஸ்போட். எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கையைத் தவிர.

கேட்டவவுக்கு முடியாதெண்டு சொல்லக்கூடாதெண்டுதான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். உள்ள காலை வைச்சதுதான் தாமதம், முகத்தில அடிச்சுது ஈரமும் வெக்கையும் கலந்த ஊர்க் காத்து. மிளகுக் கொடி, கறுவா, ஏலம், பப்பாசி. சியாமளாவுக்குக் கண் நிறைஞ்சு போச்சுது.

"இலங்கை இப்பிடித்தான் இருக்குமோ? எனக்குப் பாக்கக் குடுத்து வைக்கேல்லை," எண்டா எவ்லின். "உங்கட வீட்டில இதில எது நிண்டது?"

"கொக்கோ," எண்டுட்டாள் சியாமளா. கண்ணுக்கு முன்னால நிண்ட மரம் அதுதான். வாய் முந்தீட்டுது, என்ன செய்யிறது?

அதோட ஞாயிற்றுக்கிழமையெண்டால் எவ்லின் கோட்டும் தொப்பியுமாய் வெளிக்கிட்டு நிப்பா. சியாமளாவும் லேசுப்பட்டவளே? சனிக்கிழமை யூடியூப்பில பாத்து வைச்சு, ஞாயிறு அவிட்டு விடுவாள். காயை உடைச்சால் உள்ள வெள்ளைச் சதையாம், புளிப்பும் இனிப்புமாம். அண்ணன் மரத்தில ஏறி ஆய, தான் கீழ நிண்டு சட்டையில ஏந்தினதாம். அண்ணனும் உண்மை, சட்டையும் உண்மை, மரம் மட்டும்தான் பொய்.

எவ்லின் வாய் பாத்துக்கொண்டிருப்பா. ஒருநாள் விழுந்து கிடந்த இலையொண்டை எடுத்து, ஆரும் சொல்லாமலே கசக்கி மணந்துபோட்டு, இது என்ன எண்டு கேட்டா. கறுவா எண்டு சியாமளா பெரிய விளக்கம் வைச்சாள்.

மற்ற நாளெல்லாம் வேலை, சமையல், பிள்ளையள். தனக்கெண்டு போய் ஒரு மரத்தைப் பாக்க அவளுக்கு மனம் வராது. எவ்லின் கேட்டால்தான் போவாள். போனால் திரும்பி வர மனம் வராது.

ஆனாலும் கீர்த்தனன் சொன்னது குத்திக்கொண்டேயிருந்தது. உண்மையைச் சொன்னால் மனிசி இனிக் கூப்பிடாமல் விட்டிடுவா, அந்த ஒரு காத்தும் இல்லாமல் போயிடும். போனாலும் பரவாயில்லை, இண்டைக்குச் சொல்லிப்போடுறது எண்டு அடுத்த ஞாயிறு கீழ இறங்கினாள்.

கதவைத் திறந்தது எவ்லினின்ர மகள். அம்மா வெளிக்கிடுறா எண்டாள். சியாமளா பொறுக்கேலாமல் மகளிட்டையே கொட்டிப்போட்டாள்.

"உங்கட அம்மாவுக்கு நான் பொய் சொல்லிப்போட்டன். எங்கட பக்கம் கொக்கோவே இல்லை. அவ காணாத நாடுதானே எண்டு வாய்க்கு வந்ததைச் சொன்னன்."

மகள் முழிச்சாள். "காணாத நாடோ? அப்பா இருக்கும்வரைக்கும் ரெண்டு பேரும் மாரிக்கு இலங்கையிலதானே நிக்கிறவை. மாத்தளைக் கொக்கோத் தோட்டம், கண்டி, யாழ்ப்பாணம் எண்டு அம்மா சுத்தாத இடமில்லை."

சியாமளாவுக்கு முகத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறதெண்டு தெரியேல்லை. அப்ப அந்தக் கண்ணாடித் தோட்டத்தில அவவுக்கு அவ்வளவு ஆசையோ எண்டு மெல்லக் கேட்டாள்.

"ஆசையோ? அந்த வெக்கை அவவுக்கு ஒத்துக்கொள்ளாது. போயிட்டு வந்தால் பின்னேரம் முழுக்கத் தலையிடியோட படுத்துக்கிடப்பா."

உள்ளுக்குச் சக்கரம் உருளுற சத்தம் கேட்டுது. கோட்டும் தொப்பியுமாய் எவ்லின் வந்துகொண்டிருந்தா.

மகள் குரலைத் தணிச்சாள். "போகவேண்டாம் எண்டு மறிச்சால், 'நான் போகாட்டி சியாமளாவை ஆர் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போறது?' எண்டு கேக்கிறா."