மிச்ச டேட்டா

படகுகளின் பேச்சைக் கேட்டுக் கரையிலுள்ள செல்போன்களுக்கு அனுப்ப, மலையுச்சியில் ஒரு ரேடியோ பெட்டியை வைத்து, அதில் சிம் கார்டும் போட்டார்கள். பெட்டிக்குத் தலைகால் புரியவில்லை. காற்றில் வந்த வெறும் இரைச்சலையெல்லாம் அனுப்பியது. பத்து மணிக்கே அன்றைய டேட்டா காலி. மதியம் ஒரு படகு பேசியபோது அனுப்ப வழியில்லை. புருஷன் குரலுக்காக ஜெசிந்தா செல்போனோடு கரையிலேயே காத்துக் கிடந்தாள்.

"அண்ணே, ஆள் பேசினா மட்டும் அனுப்புங்க" என்று சிம் கெஞ்சியது.

மறுநாள் பெட்டி வாயை இறுக்கி மூடிக்கொண்டது. சாயங்காலம் குரல் வந்தது: "ஜெசிந்தா, வலை நிறைய மீன்! வந்துட்டே இருக்கோம்!" பெட்டி உடனே அனுப்பியது. அவள் போட்ட கூச்சல் மலைவரை கேட்டது.

"இனி நான் சும்மா இருக்கணுமா?" என்றது பெட்டி.

"மிச்ச டேட்டாவை நாளைக்கு வச்சுக்க முடியாதே. ஆசை தீர இரைங்கண்ணே!" என்றது சிம்.

பெட்டி இரைந்தது. ஜெசிந்தா செல்போனில் சத்தத்தைக் கூட்டி வைத்து, அந்த இரைச்சலுக்கே ஆடினாள்.