மாடிக்கு ஏறாத சிக்னல்

கீழே ஒரு ரௌட்டர், மாடியில் ஒரு ரௌட்டர். இரண்டையும் வயர் இல்லாமல் இணைக்கிறேன் பேர்வழி என்று காலையிலிருந்து படி ஏறி இறங்கியதில் என் முட்டி கழன்றதுதான் மிச்சம். மாடிக்கு நெட் வரவில்லை.

“நாளைக்கு எனக்கு ஆன்லைன் இன்டர்வியூங்க. நெட் கம்பெனியில சொல்லி ஆளை வரச் சொல்லட்டுமா?” என்றாள் மனைவி.

“அவன் வந்து என்னத்தைக் கிழிப்பான்? ‘ரெண்டும் ஒரே சேனல்ல இருக்கா’ன்னு நம்மளையே கேப்பான். ஒரே அலைவரிசையில இருந்தாத்தான் இணையும்னுகூடவா எனக்குத் தெரியாது?”

அவள் போனை எடுத்துப் புகார் கொடுத்தாள்.

மறுநிமிடமே என் செல்போன் சிணுங்கியது. புதிய புகார். விலாசம், எங்கள் வீடு. போக வேண்டிய டெக்னீஷியன், நான்.

“யூனிஃபார்ம் சட்டையை மாட்டிக்கிட்டுப் போங்க. அப்பத்தான் ஒழுங்கா பாப்பீங்க” என்றாள்.

மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்ப் பார்த்தேன்.

“ரெண்டும் ஒரே சேனல்ல இருக்கா சார்?” என்று கீழேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

இல்லை.